கொதிக்க வைக்க வேண்டாம்

மத்தியானம் உங்கள் ஆட்கள் கொடுத்த சூப் நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ருசி பார்ப்பதுதான் என் பிழைப்பு.

பதினோரு வருடமாக சூப் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். கீரை, பூசணி, காளான் என்று பைகளில் அடைத்து விற்கிறோம். வீட்டில் அவசரத்துக்கும் ஆகும், மலையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் ஆகும். ஒவ்வொரு நாள் தயாரிப்பிலும் நாலு பையை எடுத்து வெதுவெதுப்பான அலமாரியில் பதினாலு நாள் வைப்போம். பை பலூன் போல உப்பிவிட்டால் உள்ளே கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டு அதை அழிப்பது என் வேலை.

தம்பிக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் அவனுக்காகவே தட்டிக்கழித்தேன். அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை.

போன வருடம் ஒருநாள் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, வெளிநாட்டுல வேலை கெடச்சிருச்சு. அடுத்த மாசம் கெளம்பறேன்."

"ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் அழுதேன். அவன் இல்லாத வீட்டில் நான் யாருக்கு அடுப்பு மூட்டுவது?

அந்த வாரம் அலமாரியில் ஒரு பை உப்பியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அழிக்கவில்லை.

வீட்டில் அதை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். சின்ன வயதில் போல என் மடியில் தலை வைத்துக்கொண்டான். பயணம் தள்ளிப்போனது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு பை, மறுபடியும் நாலு நாள். இரண்டு தடவையும் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை அவன் தேதியை உறுதி செய்துவிட்டான். கிளம்புவதற்கு முன்னால் சிநேகிதர்களோடு இரண்டு நாள் மலையில் தங்கப் போவதாகச் சொன்னான். "உப்பு கம்மியா எனக்குன்னு ஒண்ணு வை அக்கா, அவனுங்க வேற கொண்டு வர்றாங்க" என்றான். உப்பிய பையில் இருந்ததைப் புதுப் பைக்கு மாற்றி, கம்பெனி இயந்திரத்திலேயே ஒட்டிக் கொடுத்தேன். போய்ப் படுத்துக்கொண்டு திரும்பி வருவான் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் மலையிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, கேஸ் தீரப்போவுது. சூப்பக் கொதிக்க வைக்கணுமா, லேசா சூடு பண்ணினா போதுமா?"

வீட்டில் இரண்டு தடவையும் நான் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். கெட்ட சூப்பில் சில சமயம் ஆளையே முடக்கிப்போடும் ஒரு விஷம் ஊறும், கொதித்தால்தான் அது முறியும்; மிச்சக் கெடுதல் வயிற்றோடு போய்விடும். கம்பெனியில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் ஒருவன், "அங்க போயிட்டா இவன் திரும்பியே வரமாட்டான் பாரு" என்றான். என் தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

"கொதிக்க வைக்காதேடா, சத்து போயிடும்" என்றேன்.

பையின் பின்பக்கத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நீங்களே பார்க்கலாம்.

இப்போது அவனால் கண்ணை மட்டும்தான் அசைக்க முடிகிறது. மூச்சு இயந்திரத்தில் ஓடுகிறது. மாதக்கணக்கில் ஆகும், ஒருவேளை இப்படியேகூட இருந்துவிடலாம் என்கிறார் டாக்டர். நேற்று உங்கள் காவலரோடு போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பாவம், தூக்கம் வந்திருக்கும்.

அந்த வெளிநாட்டு வேலை போய்விட்டது, பயணமும் நின்றுவிட்டது. ஆகாரம் குழாய் வழியாகத்தானாம். காய்களைக் குழைய வேகவைத்து, இரண்டு தடவை வடிகட்டி, உப்பைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், நான் சீக்கிரம் போக வேண்டும், அவனுக்குப் பசிக்கும்.