முள்ளில் தொங்கிய சேலை

ரொம்ப முந்தி, இந்தக் கரிசக்காட்டுல மாட்டுவண்டித் தடம் மட்டுமே கெடந்த காலம். அப்ப இந்த ஊருக்குப் பேரு மருதங்குளமாம். இப்ப பஸ் போர்டுல ராசசேகரபுரம்னு போட்டிருக்கான். எவனோ ஒரு ஜமீன்தாரு தன் அப்பன் பேர வச்சிட்டுப் போனது. அத விடுங்க, எனக்கு எரிச்சலா வருது. நடுவுல ஒரு பேரு இருந்துச்சு, அதத்தான் சொல்ல வந்தேன்.

மருதங்குளத்துல ஆவுடைத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் கொம்பையா உப்பு வண்டிக்காரன். கெழக்க கடக்கரைக்கு வண்டி போட்டுப் போனா, வர மாசக்கணக்காகும். அப்படிப் போயிருந்தப்ப ஊருல பேதி வந்துருச்சு. வீட்டுக்கு வீடு சாவு. மிஞ்சுன சனம் ஊரக் காலி பண்ணிக் கெளம்பிருச்சு. ஆவுடை மட்டும் வரலன்னுட்டா.

"அவுக வந்து பாத்தா வெறும் ஊரால்ல கெடக்கும்? நான் இருக்கேன்னு யாரு சொல்லுவா?"ன்னாளாம்.

அந்தக் காலத்துல பேதி கண்ட ஊர விட்டுப் போறப்ப, ஊர் வாசல்ல முள்ள வெட்டிக் கட்டிட்டுப் போவாக. முள்ளுக் கட்டுன ஊருக்குள்ள யாரும் நுழையக் கூடாது. வெளிய நின்னு குரல் குடுக்கவும் கூடாது, குடுத்தா நோவு கூடவே வந்துருமாம். மழை விழாம முள்ளப் பிரிக்கவும் கூடாது. இவ உள்ள இருக்கயிலயே அப்படிக் கட்டிட்டுப் போயிட்டாக, அவளும் பிரிக்கல. பாவி மக, வழக்கம்னு பயந்து இருந்துட்டா. பேச ஆளில்ல. அடுப்புகிட்டப் பேசுவாளாம், கெணத்துகிட்டப் பேசுவாளாம்.

ஒருநா ஊருக்குப் பின்னால கம்மாப் பக்கம் வெறகுக்குப் போயிட்டு வந்தா, முள்ளு மேல ஒரு சேலை தொங்குது. மஞ்சக் கரைச் சேலை. வாங்கிட்டு வாங்கன்னு அவ சொல்லி விட்டதே அதத்தான். கீழ வண்டித் தடம் வந்து திரும்பியிருக்கு. எல்லாரும் செத்துட்டாகன்னு நெனச்சு, வாயத் தொறக்காம, செத்தவளுக்குச் சேலையப் போட்டுட்டுப் போயிட்டான் மனுசன்.

ஓடுனா, ஓடுனா, தடம் ரெண்டாப் பிரியிற எடம் வரைக்கும் ஓடுனா. எந்தப் பக்கம் போனான்னு தெரியல. இவ ஒரு பக்கம் போயி, அவன் இன்னொரு பக்கமா வந்துட்டா? திரும்பி வந்தா. கையெல்லாம் ரத்தம் வடிய அந்த முள்ளப் பூராவும் பிச்சு எறிஞ்சாளாம்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேய்யா"ன்னு அழுதாளாம்.

அவன் வரவே இல்ல. போற வண்டியெல்லாம் நிறுத்தி, தண்ணி குடுத்து, அவனப் பாத்தீகளான்னு கேப்பாளாம். வண்டிக்காரங்க அவள வச்சு ஆவுடையூர்னு சொல்ல ஆரம்பிச்சாக. பெறகு குடியேறுன சனமும் அப்படியே சொல்லுச்சு. கேட்டுக் கேட்டே கெழவியாகிச் செத்தா.

இன்னைக்கும் எங்க ஊருல எந்த வீட்டுக்குப் போனாலும், பூட்டித்தான் கெடக்கட்டுமே, வாசல்ல நின்னு "யாராச்சும் இருக்கீகளா"ன்னு ஒரு சத்தம் குடுக்காம ஒருத்தரும் திரும்ப மாட்டோம்.