புள்ளிக்கோட்டுப் பெட்டிகள்

— உன் பழைய பாட்டு பேட்ச் திறந்துடுச்சு சங்கரி. ஆனா பாரு, பாதிப் பெட்டிக்குப் புள்ளிக்கோடுதான் வருது. கேட்டியா, புள்ளிக்கோடுன்னா அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஃபைல் கிடைக்கலன்னு அர்த்தம்.

— தெரியும் மஞ்சு. நானும் நாலு வருஷம் இதுல உக்காந்தவதானே.

— அய்யோ, சாரமில்ல, விடு. இங்க ஸ்டுடியோவுக்குக் கத்துக்க வர்ற பிள்ளைங்ககிட்ட தினமும் இதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சு. பேட்ச்னா கம்ப்யூட்டர்ல சத்தத்தைக் கோத்துப் பாட்டாக்குற படம், பெட்டியும் அதைச் சேர்க்கிற கம்பியும்தான் அதுக்குள்ள இருக்கும், சத்தமெல்லாம் வேற இடத்துல இருக்கும், அது எங்க இருக்குன்னு மட்டும்தான் பேட்சுக்கு ஞாபகம் இருக்கும்னு. எங்க கேக்குறாங்க. சாயா குடிக்கிறியா? கீழே மிளகு கோடவுனை ஒட்டின கடையில சொன்னா சேட்டன் மேலயே கொண்டு வருவார்.

— வேண்டாம். எத்தனை பெட்டி?

— இரு... பன்னெண்டு, பதிமூணு... பதினாலு.

— அன்னைக்கும் பதினாலுதான்.

— என்னைக்கு?

— களமசேரி காலேஜ் விழாவுல. ரெண்டாயிரத்து மூணு.

— அஞ்சு வருஷமாயிடுச்சேடீ. இன்னுமா எண்ணிக்கை வச்சிருக்கே?

— மேடையில உக்காந்து எண்ணினேன். வேற செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையே.

— ம்.

— சிபியுவைப் பெட்ஷீட்டுல சுத்தி ரெண்டு பேரும் மாறி மாறி மடியில வச்சுக்கிட்டுப் போனோம். வைட்டிலாவுல பஸ் மாறும்போது நீ அதைக் குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கினே, கண்டக்டர் சிரிச்சார். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுல ஓடின பேட்ச். மேடையில பட்டனைத் தட்டினா ஒரு சத்தம் இல்ல. பத்து நிமிஷம் அப்படியே இருந்தேன். பின்னாடி காலேஜ் பையங்க விசிலடிக்க ஆரம்பிச்சாங்க. அம்மா மட்டும் கை தட்டினா.

— மூக்கம்மாள் அத்தையா? எதுக்கு?

— அவ்வளவுதான் பாட்டுன்னு நினைச்சிட்டா. கார்ப்பரேஷன்ல தெருக்கூட்டுற வேலைக்கு லீவு போட்டுட்டு, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கிட்டு முதல் வரிசையில வந்து உக்காந்திருந்தா. பஸ்ல வரும்போது, நல்லா அமைதியா இருந்துச்சு மோளேன்னு சொன்னா.

— நான் வேற பஸ்ல வந்தேன், இல்ல?

— ஆமா.

— பின்ன நீ வீட்டுல ஒரு தடவையாவது அத்தைக்குப் போட்டுக் காட்டலையா?

— கேட்டுக்கிட்டேதான் இருந்தா. நான் மஸ்கட்டுல இருந்து லீவுல வரும்போதெல்லாம் கேட்டா. ஹோட்டல்ல பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றேன், அப்புறம் போடுறேன், அப்புறம் போடுறேன்னே சொன்னேன். போன மாசத்தோட கேக்குறது நின்னுபோச்சு.

— அத்தையை எடுத்த அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தேன் சங்கரி. தெருமுனை வரைக்கும்.

— பாத்தேன். பச்சைச் சுடிதார்.

— உள்ள வர முடியல.

— சரி விடு. இதுக்காகத்தான் ஹார்ட் டிஸ்கைக் கழட்டி உன்கிட்டக் கொண்டுவந்தேன். இதுல அம்மா இருக்கா. தெருவைக் கூட்டுற சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம், தண்ணி வந்துடுச்சுன்னு என்னைக் கூப்பிடுறது. வேற எங்கயும் அவ குரல் இல்ல. ரேஷன் கார்டுல ஒரு போட்டோ இருக்கு, அவ்வளவுதான்.

— கவலைப்படாதே, எல்லாம் ஈ டிரைவ்ல பத்திரமா இருக்கும். இதோ எடுத்துத் தர்றேன்.

— நீ இன்னும் தேடவே இல்லையே மஞ்சு.

— என்ன?

— பேட்ச் டி டிரைவ்ல சத்தத்தைத் தேடுது. நீ எதையும் தேடிப் பாக்காம ஈன்னு சொல்றே.

— நான்தான்டீ மாத்தினேன்.

— எப்ப?

— அன்னைக்குக் காலையில, உங்க வீட்டுல. நீ குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போயிருந்தே. எனக்கு அந்த நகைக்கடை விளம்பர ஜிங்கிள் பத்து மணிக்குக் குடுக்கணும். டியில இடம் இல்ல. உன் சத்தம் ஃபோல்டரை அப்படியே ஈக்குத் தள்ளிட்டு என் வேலையை முடிச்சேன். திருப்பி வைக்கணும்னுதான் நினைச்சேன். சத்யமாயிட்டு மறந்துட்டேன்.

— எப்ப ஞாபகம் வந்துச்சு?

— நீ மேடையில திறந்ததும். ரெண்டாவது வரிசையில இருந்தேன், திரையில புள்ளிக்கோடு தெரிஞ்சதுமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. எழுந்து வந்து, ஈல இருக்குடீன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ரெண்டு நிமிஷத்து வேலை.

— ஏன் வரல?

— முதல்ல பயம். இத்தனை பேருக்கு முன்னால தப்பு என்னோடதுன்னு தெரியுமேன்னு. பின்ன அந்த பெங்களூர் சார் இருந்தார் இல்ல, ஒருத்தரை வேலைக்கு எடுப்பேன்னு சொல்லியிருந்தாரே. உனக்கு அடுத்தது நான்தான் வாசிக்கணும். அதை நினைச்சுத்தான் உக்காந்திருந்தேனான்னு கேட்டா, எனக்கே தெரியல சங்கரி. அஞ்சு வருஷமா யோசிக்கிறேன். கால் எழலை. அது மட்டும் தெரியும்.

— அவர் உன்னை எடுத்தார்.

— எடுத்தார். ரெண்டு வருஷம் அங்க இருந்தேன். ஒரு பேட்ச் உருப்படியாச் செய்யல. எதைத் திறந்தாலும் நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது தெரியும். திரும்பி வந்து இந்த மாடியை வாடகைக்கு எடுத்துக்கிட்டேன். பிள்ளைங்க அஞ்சு மணிக்குப் போயிடும். அப்புறம் கீழே லோடு இறக்குற சத்தம்தான் எனக்குத் துணை.

— போடு.

— என்ன?

— ஃபைலை எடுத்து வை. கேக்கலாம்.

— ஈயில தேடுன்னு பாதையை மாத்தி எழுதினா இப்பவே பாடும். வேண்டாம், அது மறுபடியும் ஒருநாள் காலை வாரும். பேட்ச் இருக்கிற ஃபோல்டருக்குள்ளயே எல்லாத்தையும் கொண்டுவந்து வச்சிடறேன். இனிமே எந்த மெஷினுக்குத் தூக்கிட்டுப் போனாலும் கூடவே வரும். மஸ்கட்டுக்கும் வரும். இரு... ஆச்சு. புள்ளிக்கோடு போயிடுச்சு பாரு.

— சத்தத்தைக் கூட்டு.

— இது கீழே கோடவுன்ல அப்ப மிளகு சலிச்சது, இல்ல? நாம ரெண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டு எடுத்தோமே.

— ம். பேசாதே. இந்தா, அம்மா கூட்டுறா. நம்ம தெருதான். குனிஞ்சு நிமிரும்போது ஒரு மூச்சு விடுவா, கேக்குதா?

— கேக்குது. நிறுத்தவா சங்கரி? அழறியே.

— வேண்டாம். இப்பக் கூப்பிடுவா. அது முடியட்டும்.

— கூப்பிடுறா, தண்ணி வந்துடுச்சுன்னு.

— முடிஞ்சுது.

— எதாவது திட்டுடீ. நான் சொல்லியிருந்தா நீ என்னோட பேசவே மாட்டேன்னு நினைச்சேன். அதுக்குப் பயந்துதான் நீ மஸ்கட் போகும்போது ஏர்போர்ட்டுக்கு வரல. நீ போட்ட ரெண்டு மெயிலுக்கும் பதில் எழுதல. நீ உன் கைத்தப்புன்னே நினைச்சு இதையெல்லாம் விட்டுட்டுப் போனே. ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா போயிருப்பியா?

— மறுநாள் காலையிலேயே தெரியும் மஞ்சு. ஈ டிரைவ்ல அந்த ஃபோல்டர் உண்டான நேரம் ஆறு இருபதுன்னு இருந்துச்சு, நான் தண்ணி பிடிக்கப் போயிருந்த நேரம். அப்படியே சைக்கிளை எடுத்துக்கிட்டு மட்டாஞ்சேரியில இருந்து கொச்சங்காடிக்கு உங்க வீட்டைப் பாத்து மிதிச்சேன், உன் மடியில விழுந்து அழணும்னு. இப்படி ஒண்ணு நடந்தா நான் வேற யார்கிட்டப் போவேன்? பாதி வழி வந்த பிறகுதான்டீ எனக்கு உறைச்சுது, செஞ்சதும் நீதான்னு.