வாலிலிருந்து வாசித்த ஜெபம்

"ஓடுலே! தண்ணிப் பக்கம் போகாத!"

ஓடுகிறேன். யார் கத்தியது என்று தெரியவில்லை. பின்னால் எங்கள் படகு எரிகிறது. முதலில் கேட்டது தூரத்து வள்ளத்தின் எஞ்சின் சத்தம் மாதிரிதான் இருந்தது. கடல்காரன் அதற்குத் தலை தூக்குவானா? பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு இடி. ட்ரோன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. ஊரில் குடும்ப ஜெபம் சொல்லும் நேரம்.

நாங்கள் கன்னியாகுமரிக் கரைக்காரர்கள். வளைகுடாவில் ஓர் அரபியின் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனோம். சண்டை இரண்டு நாடுகளுக்குள். எங்களுக்கு அதில் கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை.

என் கூட்டாளி சூசை படகில் உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன். மடியில் ஜெபப்புத்தகம். அதே புத்தகத்தின் ஜோடி ஊரில் அவன் மகள் ரெஜினாவின் மடியில். போனில் அவளை வாசிக்க வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளை இங்கிலீஷ் மீடியம். தமிழ் வாசிக்க வராது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் அன்று அவள் கோயிலில் நின்று வாசிக்க வேண்டும். சூசைக்கு அந்த ஒரு ஆசைதான்.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஜெபமெல்லாம் மனப்பாடம். விரல் ஒரு வரியில் நிற்கும். வாய் மூன்று வரி முந்தி ஓடும். ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஏமாந்தார். சூசை ஏமாறவில்லை. கடைசி வார்த்தையில் தொடங்கி மேலே ஏறச் சொன்னான்.

"மக்கா, வால்ல இருந்து வா. எழுத்தப் பாத்துச் சொல்லு."

"தலையில இருந்துன்னா எனக்கு நல்லாத் தெரியும்பா."

"அது உன் நாக்குக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது."

சிரித்தோம். அவள் எழுத்துக் கூட்டினாள். பாதிப் பக்கம் ஏறிவிட்டாள். நான் ஐஸ் எடுக்கக் கரையில் இறங்கினேன். அதனால் உயிரோடு இருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்தேன். சூசைக்கு முப்பதாம் நாள் ஜெபம். வீடு நிறைய ஆட்கள். ரெஜினா புத்தகத்தை எடுக்கிறாள். பக்கத்தின் நடுவில் விரல் வைக்கிறாள். அன்றைக்கு நின்ற இடம். அங்கிருந்து மேலே ஏறுகிறாள். ஒவ்வொரு எழுத்தாக.

"தலையில இருந்து வாசி மக்கா," என்கிறாள் அத்தைக்காரி.

"விடு," என்றேன்.

முதல் வார்த்தைக்கு வந்துவிட்டாள். ஒரு பிழை இல்லை. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, அப்பா கேட்டுட்டு இருந்தப்போ இம்புட்டுதான் மிச்சம் இருந்து."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கணக்கு இது. படகு ஒன்று. என்னைத் தவிர ஆட்கள் நான்கு பேர். மூன்று பேருடைய உடல் ஊர் வந்தது. சூசையைக் கடல் தரவில்லை. அவன் மடியிலிருந்த ஜெபப்புத்தகமும் போயிற்று. அதன் ஜோடி இங்கே இருக்கிறது. பிள்ளை வாசிக்கிறாள். கேட்க வேண்டியவன் இல்லை.