யாரும் பார்க்காத செயின்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

“சைக்கிளுக்குக் கியர் முதல் தரமா வாங்கிட்டனுங்க. செயின் மட்டும் மூணாந்தரம் போதும்னுட்டேன். அதை யாரு பாக்கறாங்க?”

நகமெல்லாம் கிரீஸ் படிந்த பக்கத்து ஆள் திரும்பினார். “மிதிக்கற பாரம் பூராவும் செயின்லதானுங்க. ஏத்தத்துல எந்திரிச்சு மிதிக்கறப்ப அறுந்தா ஆளையே கீழ தள்ளிரும். யாரு ஓட்டறது?”

“எம் மவளுங்க. ஆஸ்பத்திரி வேலை. நாளையிலிருந்து நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் தினம் போய் வரோணும்.”

கிரீஸ் கைக்காரர் ஜன்னல் வழியே செங்குத்தாக ஏறும் ரோட்டைக் காட்டினார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பொட்டலக்காரர் எழுந்துவிட்டார். “கண்டக்டரே, நிறுத்துங்க! செயின மாத்தோணும்.”

“கீழ போற பஸ் வர ஒரு மணி நேரமாகுமுங்க.”

“வர்ற வரைக்கும் நடக்கறனுங்க.”