கயிற்றுக்கு மேலே

— இன்னும் எவ்ளோ தூரம், மாப்ள?

— உங்க கணக்குலயே சொல்லட்டுமா, அத்தான்? ரெண்டு கட்டிங், ஒரு ஷேவிங்.

— ஒரு மணி நேரம் முன்னாடியும் இதையேதான் சொன்ன.

— அப்ப ஆளுக்கு முடி ஜாஸ்தின்னு வச்சுக்கோங்க.

— லிஃப்ட் மெக்கானிக்கை நம்பி மலை ஏற வந்தேன் பாரு... என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— லிஃப்ட் நின்னுபோனா படி ஏறுற முதல் ஆளு நான்தானே. உக்காருங்க, தண்ணி குடிங்க.

— உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்.

— வயிறு இழுக்குதா? தையல் போட்ட இடம்...

— நீயும் உங்கக்கா மாதிரி ஆரம்பிக்காத. பதினோரு மாசமா வீட்ல நான் கண்ணாடி டம்ளர். குனிஞ்சா, "நான் எடுத்துத் தரேன்". தும்மினா, "டாக்டருக்குப் போன் போடவா". குடல்ல இருந்த கேன்சர் கட்டியைத்தான் எடுத்தாங்க. உங்கக்கா பாக்குற பார்வையில, என்னையே எடுத்துட்ட மாதிரி இருக்கு.

— சரி சரி. அக்காகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?

— நீ சொல்லச் சொன்னதைத்தான். சலூன் கடைக்குப் புது நாற்காலி பாக்கப் போறோம்னு.

— நம்பிச்சா?

— "மெத்தை எப்படின்னு உக்காந்து பாத்து வாங்குங்க"ன்னா. பாவம்.

— பாவம்தான்...

— நாற்காலி வாங்கி என்ன பண்ண? கடை ஷட்டரே துருப்பிடிச்சுக் கிடக்கு.

— திறக்க வேண்டியதுதானே? நீங்க மூடினதுல இருந்து தெருவே கரடிக் கூட்டம் மாதிரி அலையுது.

— விரல் நுனி மரத்துக் கிடக்கு, மாப்ள. மருந்து ஏத்தினதுல வந்தது. சட்டைப் பட்டனே ரெண்டு தடவை தப்புது. கத்தரின்னா எப்படியோ சமாளிப்பேன். சவரக் கத்தி... ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டுறான். அந்தக் கழுத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?

— டாக்டர் சரியாயிடும்னாரே.

— கொஞ்சம் கொஞ்சமான்னாரு. எத்தனை கொஞ்சம்னு சொல்லல.

— அது இருக்கட்டும், முன்னாடி பாருங்க.

— பாறை.

— பாறையில?

— கயிறு தொங்குது... இதை நீ சொல்லவே இல்லையே.

— சொன்னா வந்திருப்பீங்களா? மூணு ஆள் உயரம்தான். நான் முதல்ல ஏறிடுறேன். உங்க இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல இன்னொரு கயிறு, அது என் கையில. நழுவினாலும் தொங்குவீங்களே தவிர விழ மாட்டீங்க.

— பிடிச்சிருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியாதே. விரல் சொல்லாதே.

— விரலை ஏன் கேக்குறீங்க? தோளைக் கேளுங்க. இருபத்திரண்டு வருஷம் கையைத் தூக்கிக்கிட்டே நின்ன தோளு.

— திரும்பிப் போனா?

— போலாம். சாயங்காலத்துக்குள்ள நிஜமாவே ஒரு நாற்காலி வாங்கிடலாம்.

— கிண்டலா?

— இல்ல, அத்தான். நீங்க சொல்றதுதான் முடிவு.

— பெல்ட்டைக் குடு.

— மேல வந்துட்டேன். இழுத்துப் பிடிச்சிருக்கேன். வாங்க.

— காலை எங்க வைக்க?

— வலது பக்கம், படி மாதிரி ஒண்ணு. ஆங். இப்ப கை.

— பிடிச்சிருக்கேனா?

— பிடிச்சிருக்கீங்க.

— நல்லாப் பாத்துச் சொல்லு.

— விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போற அளவுக்குப் பிடிச்சிருக்கீங்க. ஏறுங்க.

— பேசிக்கிட்டே இரு, மாப்ள. பேச்சை விட்டா நானும் விட்டுடுவேன்.

— வாங்க சார், உக்காருங்க. கட்டிங்கா, ஷேவிங்கா?

— ரெண்டும்...

— பக்கத்துல குறைக்கவா?

— சிரிக்க வைக்காத, பாவி... காலு... காலு...

— இடது காலைத் தூக்குங்க. மீசையில நரை தெரியுதே, சாயம் அடிச்சிடலாமா?

— நீ இழுக்காத. நானே... நானே வரேன்.

— இழுக்கல, வாங்க. இன்னும் ஒரே எட்டு.

— வந்துட்டேனா?

— என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.

— கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

— அழுங்க, அத்தான். இங்க யார் பாக்கப் போறா?

— அழல. காத்து.

— ஆமா, பொல்லாத காத்துதான். இந்தாங்க, இந்தத் தகரப் பெட்டியில ஒரு நோட்டு இருக்கு. வந்தவங்க எல்லாரும் எழுதிட்டுப் போவாங்க.

— கொட்டை எழுத்துல எழுதுறேன் பாரு... மாப்ள, இது யாரு கையெழுத்து?

— எது?

— "இன்னிக்கும் நல்லாக் கத்தினேன். தொண்டை கட்டிப்போச்சு. கேட்டா ஜலதோஷம்னு சொல்லணும்." இது உங்கக்கா எழுத்து. தேதியப் பாரு, எனக்கு மருந்து ஏத்தின நாள். இங்க இன்னொண்ணு... இங்கயும்... ஏழு. காலையில என்னை ஆஸ்பத்திரிப் படுக்கையில விட்டுட்டு, மருந்துக் கடையில பெரிய வரிசைன்னு போவா. சாயங்காலம்தான் வருவா.

— நான் வாயைத் திறக்க மாட்டேன். அதோ, அக்காவே போன்ல கூப்பிடுது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே பேசிக்கோங்க.

— ஏங்க, நாற்காலி பாத்தாச்சா?

— பாத்தாச்சும்மா. நல்லா சுத்துது. அது கிடக்கட்டும், அந்த மருந்துக் கடை வரிசை எவ்ளோ நீளம் இருக்கும்?

— எந்த வரிசைங்க?

— ஏழு நாளு நின்னியே, அதான் கேட்டேன்.

— நோட்டைப் பாத்துட்டீங்களா... டேய் தம்பி, நோட்டைக் காட்டவா சொன்னேன்?

— கூட்டிட்டுப் போன்னு நீதானேக்கா சொன்ன? பெட்டி தானா வந்து கண்ணுல பட்டுச்சு.

— ஓ, அக்காவும் தம்பியும் கூட்டா? நான் அங்க ஊசியோட கிடக்கேன், நீ இங்க வந்து கத்திக்கிட்டு இருந்தியா?

— பின்ன? உங்க முன்னாடி கத்த முடியுமா? வீட்லதான் கத்த முடியுமா, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க.

— என்னை ஒரு பக்கெட்டைத் தூக்க விடல. நீ மட்டும் கயிறு பிடிச்சு ஏழு தடவை ஏறியிருக்க.

— நான் எங்கங்க ஏறினேன்? ஏழு தடவையும் கயித்துக்குக் கீழேயே நின்னுதான் கத்தினேன், இவன்தான் மேல போய் நோட்டை எடுத்துட்டு வந்து குடுப்பான்... அங்கேருந்து என்னங்க தெரியுது, கொஞ்சம் சொல்லுங்களேன்.