நான்கு முதல் ஏழு வரை என் கையெழுத்து

பெயர், கணவர் பெயர், முகவரி: கவுன்சலிங் பெறுகிறவர்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் தனித் தாளில் எழுதி, உறையிலிட்டு இணைக்கப்பட்டுள்ளது. வயது: நாற்பத்து மூன்று. தொழில்: துணி ஆல்டரேஷன், சொந்தமாக. யாரும் அழைக்காமல் தானாக ஸ்டேஷனுக்கு வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் வீட்டுக்காரருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டின் முன் அறையில் ஒரு மோட்டார் தையல் மிஷின் போட்டு, பேண்ட் அடி மடிப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது ஆகிய வேலைகளைப் பதினாறு வருடமாகச் செய்து வருகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிப் பட்டறையில் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் மேசைக்கும் அளவு போட்டு, கோடு கீறி, உடைத்துக் கொடுப்பது அவர் வேலை.

நான் இங்கே வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ போய்ச் சொன்னா உன்னைத்தான் பிடிச்சு உள்ள வைப்பாங்க" என்றார். வைக்கட்டும் என்று வந்துவிட்டேன், பின்னாலேயே அவரும் வந்துவிட்டார். ரைட்டர் ஐயா நான் சொல்வதைச் சுருக்கி எழுதிக்கொள்வதாகச் சொன்னார். சுருக்குவது என் தொழில், எங்கே பிடிக்கலாம் எங்கே பிடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அதனால் சொன்னபடியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் குடியை நிறுத்தவும் மனக் கஷ்டத்துக்கும் கவுன்சலிங் கொடுக்கிற மையம் ஒன்று இருக்கிறது. படுக்கை கிடையாது, வாரம் ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். அதை நடத்தும் மேடம் மீது காப்பீட்டுக் கம்பெனி கொடுத்திருக்கும் புகார் சம்பந்தமாகத்தான் வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பேரில் மையத்தின் வருகை நோட்டில் பதிமூன்று கையெழுத்து இருக்கிறது. அதில் முதல் ஏழும் உண்மை, எட்டு முதல் பதிமூன்று வரை உள்ள ஆறும் போலி, வராத ஆளை வந்ததாகக் காட்டி மேடமே போட்டுக்கொண்டார் என்பது புகார். இது அப்படியே தலைகீழ். போலி என்கிற ஆறும் என் வீட்டுக்காரர் தன் கையால் போட்டவை. உண்மை என்று கம்பெனி ஒத்துக்கொண்ட ஏழில் நாலு, நான் போட்டவை.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருடமாகக் குடித்து வந்தார். கடைசி இரண்டு வருடம் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார், இல்லாவிட்டால் கை நிற்காது. போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு பெரிய மேசைக் கண்ணாடி அவர் கையில் உடைந்தன. அதன் பிறகு முதலாளி அவரை வெட்டும் மேசையிலிருந்து எடுத்து, கண்ணாடிக்குத் தாள் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கிற வேலைக்குப் போட்டார், கூலியும் குறைந்தது. அதன் பிறகு முதலாளியே அவரைக் கூப்பிட்டு, பட்டறை ஆட்களுக்கான காப்பீட்டில் கவுன்சலிங்குக்கும் கார்டு உண்டு என்று சொல்லி விண்ணப்பம் எழுத வைத்தார். அதில் என் வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்கு, நடுங்குகிற கையோடு கையெழுத்துப் போட்டார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் கம்பெனி இப்போது ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது.

கார்டில் மொத்தம் பதினாறு சிட்டிங். வியாழக்கிழமை தோறும் மாலை ஐந்து மணி. ஒவ்வொரு முறையும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் போகாவிட்டால் கார்டு ரத்து, இரண்டு வருடத்துக்கு வேறு கார்டு கிடையாது. கார்டு இல்லாமல் கைக்காசு கொடுத்துப் போக வேண்டுமென்றால் ஒரு சிட்டிங்குக்கு நான் முப்பது பேண்ட் அடி மடிக்க வேண்டும். வாரத்துக்கு அவ்வளவு பேண்ட் வந்தாலே பெரிய விஷயம்.

முதல் மூன்று வாரம் அவர் போனார். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, "அந்தம்மா கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதுக்கு நான் கல்லு உடைக்கப் போயிடுவேன், இனிமே போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு புதன்கிழமை மதியம், அளவு வெட்டுகிற பழுப்புத் தாளை விரித்து, விண்ணப்பத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். பழைய சட்டையைப் பார்த்துப் புதுக் காலர் வெட்டுகிறவளுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் அந்த நடுக்கம் மட்டும் வரவே இல்லை. எவ்வளவு போட்டாலும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி ஒழுங்காக வந்து தொலைத்தது. அதன் பிறகு தாளை மிஷின் பலகை மேல் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, அந்த அதிர்வில் எழுதினேன். வந்துவிட்டது. தாள் நிறைய நாற்பது கையெழுத்து போட்டேன்.

மறுநாள் மையத்துக்குப் போனேன். நோட்டு வாசல் பக்கத்து மேசையில் கிடக்கும், சீட்டு எழுதும் பெண் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே மிஷின் ஏது, மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டே போட்டேன். போட்டுவிட்டு நழுவிவிட நினைத்துத் திரும்பினால், மேடம் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். நோட்டை அவர் பார்க்கவில்லை, அதைப் பார்ப்பதும் மாதக் கடைசியில் கம்பெனிக்கு அனுப்புவதும் அந்தப் பெண்ணின் வேலை. "அவர் வரலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்லை, நீங்க வாங்க" என்றார்.

உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு விசிறி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், குடிக்கிறது அவருதானே என்றேன். சரி, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க என்று கேட்டார். அழ ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரம் அழுதேன். ரைட்டர் ஐயா இது வழக்குக்குத் தேவையில்லை என்கிறார். தேவை. ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தவள் எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அரை நாள் நின்றிருக்கிறேன். அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு மேடத்திடம் சொன்னேன்.

அதன் பிறகு ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வாரமும் இதே மாதிரி நோட்டில் அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து நான் போனது கார்டைக் காப்பாற்ற மட்டும் இல்லை, எனக்காகவும்தான். திருடினாள் என்று எழுதுவதாக இருந்தால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் முதலாளி போன் செய்தார். எப்போதும் நான்தான் எடுத்து, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வேன். அந்த வருடத்தில் மட்டும் என் வீட்டுக்காரருக்கு முப்பது தடவையாவது காய்ச்சல் வந்திருக்கும். அவருக்காகப் பொய் சொல்வதை மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அதனால், வீட்டுலதான் இருக்கார், நீங்களே கேளுங்க என்று சொல்லி போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் திக்கித் திணறிப் பேசினார். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏழாவது சிட்டிங் முடிந்த மறுநாள், என் வீட்டுக்காரர் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டைச் சுற்ற தாள் தேடிக்கொண்டு மிஷினுக்குக் கீழே துழாவியதில் அந்தப் பழுப்புத் தாள் கிடைத்துவிட்டது. விரித்துப் பார்த்தார். நான் ஒரு பேண்டுக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். இது என்ன என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு பறக்கும் என்று நினைத்தேன். அவர் அந்த நாற்பது கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன் பிறகு, "என் கை இவ்வளவா நடுங்குது?" என்று கேட்டார்.

"இன்னும் அதிகமா நடுங்குது. அவ்வளவு எனக்கு வரலை" என்றேன்.

அவர் அடுத்த வியாழன் நாலரைக்கே வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். கிளம்பலாமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று தெரியவில்லை. அன்றைக்கு மேடம் சிட்டிங் எடுக்கவில்லை. குடியைத் திடீரென்று தனியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, முதலில் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சீட்டு கொடுத்தால் கார்டு ரத்தாகாமல் நிற்கும். ஐந்து வாரம் மருந்தும் ஓய்வுமாகப் போனது. முதல் பத்து நாளைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அதன் பிறகு எட்டாவது சிட்டிங்குக்குப் போய் நோட்டில் அவரே கையெழுத்துப் போட்டார். கல்யாணமான புதிதில் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுப்பார், கண்ணாடி மேல் கீறுகிற மாதிரி ஒரே இழுப்பு. நடுக்கம் வந்த பிறகு அந்தக் கோட்டை விட்டுவிட்டார். அன்றைக்கு மறுபடியும் இழுத்தார், நேராக வந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தில் சீட்டு எழுதும் பெண்ணிடம் கொடுத்த கார்டைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன். அந்தக் கோடு எட்டிலிருந்து பதிமூன்று வரை ஆறிலும் இருக்கிறது, நோட்டைத் திறந்து பாருங்கள். விண்ணப்பத்தில் கோடு இல்லை, கை நடுங்கியிருக்கிறது, இதில் நடுங்கவில்லை, அதனால் வேறு ஆள் என்று கம்பெனி சொல்கிறது. கை நடுங்காமல் இருப்பதற்குத்தானே ஐயா அவர்கள் பணம் கட்டினார்கள்?

பன்னிரண்டாவது சிட்டிங் நடந்த வாரம் முதலாளி அவரை மறுபடி வெட்டும் மேசைக்கு அனுப்பினார். முதலில் சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும் கொடுத்திருக்கிறார். இப்போது ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறார்.

பதிமூன்றாவது சிட்டிங்குக்குப் பிறகு புகார் வந்தது, கார்டு நின்றது, மையத்தைப் பூட்டிவிட்டார்கள். எந்தத் தேதியில் யார் வந்து பேசினார்கள் என்று மேடம் எழுதி வைத்த குறிப்பு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டினால் மேடம் மேல் தப்பில்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உள்ளே பேசினதை வெளியே காட்ட மாட்டேன் என்று எங்களுக்குக் கொடுத்த வார்த்தைக்காக அவர் திறக்கவில்லை. போன வாரம் நான் அவர் வீட்டுக்குப் போய் நாலு கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. திட்டுவார் என்று நினைத்தேன். "இதை வெளிய சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். அதனால்தான் வந்திருக்கிறேன்.

மையம் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. என் வீட்டுக்காரர் வியாழன் தோறும் ஐந்து மணிக்குப் போய் அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறார். அவர் மட்டும் இல்லை, இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். இன்னும் எத்தனை வியாழன் இப்படி வெறுங்கையோடு திரும்பி வருவார், என்றைக்கு வழியில் இருக்கிற கடைக்குள் நுழைந்துவிடுவார் என்று, அவர் திரும்புகிற வரை வாசலிலேயே நிற்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிக் கையெழுத்து வேண்டும் என்று அதிகாரி கேட்டதால், என் வீட்டுக்காரர் இன்று இங்கே ஐந்து கையெழுத்து போட்டுக் கொடுத்தார், ஐந்திலும் கோடு இருக்கிறது. அதன் பிறகு அவர் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னார்கள். மறுபடியும் ஒழுங்காகத்தான் வந்தது. மேசையை ஆட்டச் சொன்னேன். காவலர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஆட்டினார், நோட்டில் இருக்கிற நாலும் அச்சு அசலாக வந்தன. பழுப்புத் தாளையும் ஒப்படைத்திருக்கிறேன்.

அந்த நாலு சிட்டிங்கும் வீண் போகவில்லை, நான் உட்கார்ந்தேன், அதனால் அந்தக் கட்டணம் என்னுடையது. கம்பெனிக்குத் திருப்பிக் கட்டிவிடுகிறேன், நூற்றிருபது பேண்ட். கார்டு இல்லாதவர்கள் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி குறைத்துக் கொடுக்கலாம் என்று மையத்தில் ஒரு பலகை இருக்கிறதாம், கேட்டிருந்தால் ஐந்து பேண்டோடு போயிருக்கும். அந்தப் பலகை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. நாலு வாரமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தண்டனை உண்டு என்றால் கொடுங்கள். மையத்தைத் திறந்துவிடுங்கள். என் வீட்டுக்காரருக்கு இன்னும் மூன்று சிட்டிங் பாக்கி இருக்கிறது. எனக்கும் என் பேரிலேயே ஒரு நோட்டு போட்டுத் தருவதாக மேடம் சொல்லியிருக்கிறார்.

இதை ரைட்டர் ஐயா எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். ஒரே ஒரு இடத்தில், "குடிகாரரான என் கணவர்" என்று எழுதியிருந்ததை அடித்து, "குடித்து வந்தார்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாருடைய பயமுறுத்தலும் இல்லை. கீழே இருப்பது என் சொந்தப் பேரில் நான் போடுகிற கையெழுத்து. ஸ்டேஷனில் உட்கார்ந்து போடுவதால் என் கை நடுங்குகிறது, மேசையை யாரும் ஆட்டவில்லை. நாளைக்கு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இது நான் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

(ஒப்பம்)