எண் இல்லாத பெண்

தேநீரில் பால் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. ஒலிப்பதிவு ஓடட்டும், அதிகாரி. நான் வேகமாகப் பேசுகிறவன் அல்ல. முப்பது வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்த நாக்கு.

எங்கள் பள்ளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் ஓர் எண் தருவோம். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அந்த வரிசை அறுபடவில்லை. போன செப்டம்பரில் கடைசியாகச் சேர்ந்தவன் 9,417. வருகை எடுக்கும்போது பெயர் கிடையாது, எண்தான். ஆண்டு விருந்துக்கு வரும் எழுபது வயதுக்காரர்கள் தங்கள் எண்ணை என்னிடம் சொல்லிவிட்டுக் கண்கலங்குவார்கள். அந்தப் பதிவேடு இருபத்தெட்டு ஆண்டுகளாக என் பொறுப்பு.

கடைசி இரண்டு வகுப்புகளில் பெண்களையும் சேர்க்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாகப் படிக்கிறார்கள், மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். பதினாறு வயதில் வருகிறவர்களுக்கு எண் கிடையாது, அவ்வளவுதான். அவர்கள் பெயர்கள் தனித்தாளில் இருக்கும். பையன்கள் முடித்தபின் வாசிப்பேன்.

அவர்களில் ஒருத்தியான டாம்சின் கார்லியனுக்கு இது பொறுக்கவில்லை. பெண்களுக்கும் எண் வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். முன்பு எப்போதாவது ஒரு பெண்ணுக்கு எண் கொடுத்திருந்தால் யோசிக்கலாம் என்று தலைமையாசிரியர் நழுவினார். கொடுத்ததே இல்லை என்று நான் அவருக்கு உறுதி சொல்லியிருந்தேன். அவள் விடவில்லை. நூலகத்துக்கு மேலே இருக்கும் பதிவறையில் மதிய நேரங்களில் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்ட அனுமதி வாங்கினாள்.

அந்தப் புதன்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“சார், இங்க பாருங்க. 1916. ஈடித் மோஸ், ஸ்கூல் நர்சோட பொண்ணு. பசங்களோட சேத்து அவளுக்கும் நம்பர் குடுத்திருக்காங்க. யாரோ வேணும்னே ரெண்டு பக்கத்தையும் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க சார், மெதுவாப் பிரிச்சேன். யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.”

ஒட்டியது நான். பொறுப்பேற்ற முதல் ஆண்டில். அத்தனை அழகான வரிசையில் அது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

நல்ல வேலை செய்திருக்கிறாய், உட்கார்ந்து முழுதாக நகல் எழுதி வை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பதிவறை பூட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. யோசிக்க எனக்கு அரைமணி நேரம் தேவைப்பட்டது என்பதும் உண்மை. மாணவர்களின் கைபேசிகள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்விடும்.

கீழே ஓய்வறையில் ரொட்டி வாட்டும் கருவியிலிருந்து தீப்பிடித்தது. அதில் எனக்குப் பங்கில்லை, அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். அந்தப் பதற்றத்திலும் ஓர் எண் விடுபடவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. பெண்கள் ஓரமாக நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தாள் என் கோட்டுப் பையில், சாவியோடு இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

மேல்வகுப்புப் பையன் ஒருவன் வரிசையை விட்டு வந்தான். “சார், டாம்சினைக் காணோம்.”

“உன் நம்பர் சொல்லியாச்சா? அப்ப போய் வரிசைல நில்லு.”

தீயணைப்பு வீரர்களின் தலைவரை நூலகத்தின் பின்பக்கம் அழைத்துப் போனேன். ஏணியை எங்கே சாத்த வேண்டும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவர் கட்டடத்துக்கு முதுகு காட்டி நின்றார். நான் அதைப் பார்த்து நின்றேன். மேலே சின்னச் சன்னலில், புகைக்குள், ஒரு கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய பச்சை நிறக் கைக்கடிகாரம் எனக்குத் தெரிந்தது.

“வருகை எடுத்தாச்சு. எல்லா நம்பரும் வந்தாச்சு” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஆட்களை முன்பக்கம் அனுப்பினார். இருபது நிமிடத்தில் கூரை இறங்கியது.

பூட்டினேன், தாளை வாசிக்கவில்லை, கையைப் பார்த்தேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரிடம் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட வருகையைத் தப்பாக எடுத்ததில்லை. அன்றும் தப்பாக எடுக்கவில்லை.